குளத்தப் பாக்காம ஏக்கர் சொல்லாதீங்க: திரும்பிப் பாத்துத் திட்டம் போடுறது எப்பிடி?

எங்கட மட்டக்களப்புப் பக்கம் ஏ.எல், அதாவது உயர்தரச் சோதினைக்குப் படிக்கிற புள்ள இருக்கிற வீடு எண்டா ஒருத்தரும் சொல்லத் தேவையில்ல, சுவரப் பாத்தாலே தெரியும். கட்டிலுக்கு நேர மேல ஒரு டைம் டேபிள் ஒட்டிக் கிடக்கும், மூண்டு கலர் பேனையால கோடடிச்சு, விடிய 4 மணிக்கு எழும்புறது, 4.30ல இருந்து 6 மணி வரைக்கும் பிசிக்ஸ், பள்ளிக்கூடம் விட்டு வந்து அரை மணித்தியாலம் ஓய்வு, பிறகு கெமிஸ்ட்ரி, ராவு 11 மணி வரைக்கும் மெத்ஸ் எண்டு ஒரு பெட்டி கூட வெறுமையா இல்லாம எழுதியிருக்கும். ரெண்டு கிழமை கழிச்சுப் போனாலும் அது அப்பிடியே கிடக்கும், ஆனா அதில உள்ளபடி ஒரு நாளாவது நடந்ததா எண்டு கேட்டா புள்ள தலையக் குனிஞ்சிரும். நான் களுவாஞ்சிகுடியில பின்னேரம் பிசிக்ஸ் கிளாஸ் எடுக்கிற ஆள், இத வருஷா வருஷம் பாக்கிறன், பாக்கிற ஒவ்வொரு முறையும் மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு, ஏன் எண்டா அந்தப் புள்ளையள் சோம்பேறியள் இல்ல. திட்டம் எண்டா எப்பிடிப் போடுறது எண்டு அவங்களுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல்ல. அதத்தான் முதல்ல இருந்து எழுதப் போறன்.

எனக்கு இது விளங்கினது பள்ளிக்கூடத்தில இல்ல, வட்டையில, வயல்வெளியில. என்ட மாமாவுக்கு வெல்லாவெளிப் பக்கம் வயல், நவகிரிக் குளத்துத் தண்ணி. சிறுபோகம், அதாவது வெயில் காலத்து வேளாண்மை தொடங்க முன்னுக்கு ஆரம்பக் கூட்டம் எண்டு ஒண்டு வைப்பாங்க, பிரதேச செயலாளர், நீர்ப்பாசனத் திணைக்கள ஆக்கள், கமநல சேவை ஆக்கள், வயலுக்குத் தண்ணி பங்கிடுற வட்டவிதானைமார், விவசாயிகள் எல்லாரும் ஒரு மண்டபத்தில கூடுவாங்க. சின்ன வயசில மாமாவோட ஒருக்கா போயிருக்கன். அங்க முதல் கேள்வி எத்தின ஏக்கர் செய்யிற எண்டு இல்ல. குளத்தில இப்ப எவ்வளவு தண்ணி கிடக்கு எண்டுதான் முதல்ல சொல்லுவாங்க, அதுக்குப் பிறகுதான் இந்தத் தண்ணிக்கு எத்தின ஏக்கர் தாங்கும், எப்ப தண்ணி திறக்கிற, எந்தத் திகதிக்குள்ள விதைச்சு முடிக்கிற, எப்ப மாடுகள வட்டையால அப்புறப்படுத்துற, எப்ப தண்ணிய நிப்பாட்டுற எண்டு ஒவ்வொண்டா முடிவாகும். தண்ணி குறைஞ்ச வருஷம் எண்டா ஏக்கரும் குறையும், சண்டை வரும், சத்தம் வரும், ஆனா குளத்தில இல்லாத தண்ணிய நம்பி ஒருத்தரும் விதைக்க மாட்டாங்க.

இப்ப அந்தச் சுவரில உள்ள டைம் டேபிளப் பாருங்க. அது குளத்தப் பாக்காம ஏக்கர் சொல்லுற வேலை. தன்னிட்ட ஒரு நாளைக்கு உண்மையா எத்தின மணித்தியாலம் இருக்கு, எத்தின மணிக்குப் பிறகு தன்ட தலை வேலை செய்யாது, போன மாசம் இதே மாதிரிப் போட்ட திட்டம் எந்த இடத்தில விழுந்திச்சு எண்டு ஒண்டும் பாக்காம, எப்பிடி இருந்தா நல்லம் எண்டு நினைக்கிறத அப்பிடியே பேப்பரில எழுதுறது. அது ஆசை. ஆசை வேணும்தான், ஆனா அத வச்சு விதைக்க ஏலாது.

திரும்பிப் பாக்கிறது எண்டு நான் சொல்லுறது குளத்த அளக்கிறதத்தான். நடந்த ஒரு வேலய எடுத்து, என்ன நடந்திச்சு, எங்க பிசகினது, அடுத்த முறை எந்த ஒரு விஷயத்த மாத்துறது எண்டு பாக்கிறது. திட்டம் எண்டது அந்தப் பதில வச்சு அடுத்த கிழமைய எழுதுறது. கன பேர் இத ரெண்டு வேறவேற நல்ல பழக்கம் மாதிரிக் கதைப்பாங்க, என்ட அனுபவத்தில ரெண்டும் ஒரே வேலைட ரெண்டு பக்கம்.

சரி, ஏன் நாங்க அளக்காமலே நம்புறம்? மனுசன்ட மூளை அப்பிடித்தான். தான் செய்யப் போற வேலைக்கு எவ்வளவு நேரம் போகும் எண்டு கேட்டா, ஆக்கள் எப்பவும் குறைச்சுத்தான் சொல்லுவாங்க, போன முறை ரெண்டு மடங்கு நேரம் போனது தெரிஞ்சாலும் இந்த முறை அப்பிடி ஆகாது எண்டு நினைப்பாங்க. டானியல் கானமன், அமொஸ் ட்வெர்ஸ்கி எண்ட ரெண்டு உளவியல்காரர் 1979ல இதுக்கு ஒரு பேரே வச்சாங்க, தமிழில திட்டமிடல் மயக்கம் எண்டு சொல்லலாம். 1994ல கனடாவில ரொஜர் பியூலரும் அவரோட சேர்ந்த ஆக்களும் பட்டப்படிப்புக் கடைசி வருஷ ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிட்ட, இத எத்தின நாளில முடிப்பீங்க எண்டு கேட்டிருக்காங்க. சராசரியா 33.9 நாள் எண்டு வந்திச்சு. எல்லாமே உச்சக்கட்டத்துக்குப் பிழைச்சுப் போனா எத்தின நாள் எண்டும் கேட்டாங்க, 48.6 எண்டாங்க. உண்மையா முடிச்சது சராசரி 55.5 நாளில. பாருங்க, எல்லாம் பிழைச்சா எண்டு சொன்ன கணக்கையும் தாண்டித்தான் போயிருக்கு. தாங்க சொன்ன நாளுக்குள்ள முடிச்சவங்க பத்துக்கு மூண்டு பேர்தான். பல்கலைக்கழகத்தில கடைசி வருஷம் படிக்கிற ஆக்களுக்கே இப்பிடி எண்டா, 17 வயசுப் புள்ள ராவு ரெண்டு மணித்தியாலத்தில ஒரு யூனிட் முடிப்பன் எண்டு எழுதுறதில ஒரு ஆச்சரியமும் இல்ல, அதுக்குப் புள்ளையப் பேசிறதிலயும் நியாயமில்ல.

இதுக்கு மருந்து ஒண்டுதான், இந்த முறை எவ்வளவு போகும் எண்டு மனசிட்டக் கேக்காம, போன முறை எவ்வளவு போனது எண்டு கொப்பியிட்டக் கேக்கிறது. மாமாட்ட அப்பிடி ஒரு கொப்பி இருந்திச்சு, வயல் வாடியில, காவல் குடிலில, கூரைக்குள்ள செருகி வச்சிருப்பார், மழை ஈரத்தில ஓரமெல்லாம் ஊதிப்போய், மண் கையால பிடிச்ச அடையாளத்தோட. விதைச்ச திகதி, மழை வந்த நாள், பசளை எறிஞ்ச நாள், வக்கடை (வரம்பில தண்ணி போற வாய்) உடைஞ்ச நாள், வெட்டின நாள், ஏக்கருக்கு எத்தின மூட்டை, எல்லாம் ஒண்டு ரெண்டு சொல்லில இருக்கும். ஒரு வருஷம் பெரும்போகத்துக்கு, மாரி காலத்து விதைப்பு நேரம், நான் அவரிட்டக் கேட்டன், மாமா எல்லாரும் விதைக்கத் தொடங்கிட்டாங்க, நீங்க ஏன் இன்னும் பாத்துக்கொண்டு நிக்கிறீங்க எண்டு. அவர் கொப்பிய எடுத்து விரிச்சு, "இஞ்ச பாருங்க மருமகன், நாலு வருஷத்தில மூண்டு வருஷம் ஜனவரி நடுப்பகுதியில மழை பிடிச்சு வேளாண்மை சாஞ்சு போச்சு, வெட்டு மெஷின் இறங்க ஏலாமப் போச்சு. நான் பெய்யிற மழையப் பாத்து விதைக்கல்ல, வெட்டுற நாளப் பாத்து விதைக்கிறன்" எண்டார். அவர் போடுறது மூண்டரை மாச நெல்லு, 105 நாள். ஒக்டோபர் 5ல விதைச்சா ஜனவரி 18ல வெட்டு, அது மழைக்குள்ள. ஒக்டோபர் 20ல விதைச்சா பெப்ரவரி 2. அந்த 15 நாள் வித்தியாசத்த அவருக்கு ஒரு அதிகாரியும் சொல்லிக் குடுக்கல்ல, அவர்ர எழுத்துத்தான் சொன்னது. முடிவில இருந்து பின்னுக்கு எண்ணி வாறது எண்டு நான் இப்ப புள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறதும் அதுதான்.

என்ட கதையையும் சொல்லத்தான் வேணும். நான் ஏ.எல் முதல் ஷை, அதாவது முதல் தரம் எடுத்த நேரம் பாஸ்ட் பேப்பர் செய்யாத ஆள் இல்ல, நிறையச் செய்தன். ஆனா செய்து முடிச்சவுடன மார்க்ஸ் மட்டும் பாப்பன், 50 எம்.சி.கியூல (பல்தேர்வுக் கேள்வியில) 28 எண்டா கவலைப்படுவன், 31 எண்டா சந்தோசப்படுவன், பிறகு பேப்பர மடிச்சு வச்சிட்டு அடுத்த பேப்பர். ரிசல்ட் வந்திச்சு, காணாது. ஒரு மாசம் வீட்ட விட்டு வெளிய போகல்ல. செகண்ட் ஷைக்குப் படிக்கத் தொடங்கினப்போ, மாமாட கொப்பி ஞாபகம் வந்துதான், அந்தப் பழைய பேப்பர்கள்ல மூண்ட எடுத்துப் பிழைச்ச கேள்வி ஒவ்வொண்டும் ஏன் பிழைச்சது எண்டு ஒரு கொப்பியில எழுதினன். மூண்டு பேப்பரிலயும் சேர்த்து 61 பிழை. அதில உண்மையா விஷயம் தெரியாமப் பிழைச்சது 18. கேள்விய ஒழுங்கா வாசிக்காதது 15, பிழையான கூற்று எது எண்டு கேட்டிருக்கும், நான் சரியானதுக்குக் கோடு போட்டிருப்பன். சென்ரிமீற்றர மீற்றருக்கு மாத்த மறந்தது, கழித்தல் அடையாளம் விட்டது மாதிரிக் கைப்பிசகு 12. நேரம் காணாமக் கடைசியில குத்துமதிப்பாக் கோடு போட்டது 16.

இதப் பாத்திட்டு நான் கன நேரம் அப்பிடியே இருந்தன். ஒரு வருஷம் முழுக்க நான் என்ன செய்தன், நோட்ஸத் திரும்பத் திரும்ப வாசிச்சன். அது அந்த 18க்குத்தான் மருந்து. மிச்சம் 43 பிழைக்கு நான் ஒரு நாள் கூட வேலை செய்யல்ல, ஏன் எண்டா அப்பிடி ஒண்டு இருக்கு எண்டே எனக்குத் தெரியாது. அதுக்குப் பிறகு திட்டம் தன்பாட்டில வந்திச்சு. 50 கேள்விக்கு 120 நிமிஷம், ஒரு கேள்விக்கு ரெண்டரை நிமிஷம் கூட இல்ல, அதால மணிக்கூட்ட மேசையில வச்சு 25 கேள்விய 55 நிமிஷத்தில செய்து பழகினன், கேள்வியில பிழையான, பொருந்தாத எண்ட சொல்லக் கண்டா உடன வட்டம் போட்டன், அலகு எழுதாம ஒரு வரியும் எழுதுறதில்ல எண்டு வச்சன். படிக்கிற மணித்தியாலத்த நான் கூட்டல்ல, குறைஞ்சிருக்கும் எண்டுதான் நினைக்கிறன்.

நோட்ஸ வாசிக்கிறது ஏன் அவ்வளவு நல்ல மாதிரித் தெரியுது எண்டதையும் சொல்லணும், இது முக்கியம். ஒரு பக்கத்த நாலாவது முறை வாசிக்கைக்க சொல்லுகள் எல்லாம் பழகின முகம் மாதிரி இருக்கும், எனக்கு விளங்கிற்று எண்டு மனசு சொல்லும். அது தெரிஞ்சதுக்கு அடையாளம் இல்ல, பழகினதுக்கு அடையாளம். 2006ல அமெரிக்காவில ரோடிகர், கார்பிக்கி எண்ட ரெண்டு பேர் செய்த பரிசோதனை ஒண்டு இருக்கு. ஒரு கூட்ட மாணவர் ஒரு பாடத்த நாலு தடவை வாசிச்சாங்க, இன்னொரு கூட்டம் ஒரு தடவை வாசிச்சிட்டு மூடி வச்சு, பாக்காம மூண்டு தடவை எழுதிப் பாத்தாங்க. அஞ்சு நிமிஷத்தால சோதிச்சா வாசிச்ச கூட்டம்தான் முன்னுக்கு, 83க்கு 71 வீதம். ஒரு கிழமைக்குப் பிறகு வாசிச்ச கூட்டத்துக்கு 40 வீதம்தான் ஞாபகம், எழுதிப் பாத்தவங்களுக்கு 61. இதில எனக்கு மனசில தைச்சது வேற ஒண்டு, ஒரு கிழமை கழிச்சு உங்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும் எண்டு முதலே கேட்டப்போ, வாசிச்ச கூட்டம்தான் தங்களுக்குக் கூட இருக்கும் எண்டு சொன்னது. தன்ட அறிவப் பத்தித் தானே நினைக்கிற கணக்கு அவ்வளவு தூரம் பிழைக்கும். தான் எப்பிடிப் படிக்கிறன், தனக்கு எது தெரியும் எது தெரியாது எண்டு தானே கவனிக்கிறதுக்கு மெட்டாகொக்னிஷன் எண்டு பேர், 1970கள்ல ஜோன் பிளேவல் எண்ட அமெரிக்க உளவியலாளர் கொண்டு வந்த சொல். அந்தப் பெரிய சொல்ல நீங்க மறந்தாலும் பறவாயில்ல, படிச்சு முடிஞ்சவுடன புத்தகத்த மூடி ஒரு வெத்துப் பேப்பரில எழுதிப் பாக்கிறத மட்டும் மறக்காதீங்க, குளத்த அளக்கிற கோல் அதுதான்.

இது படிப்புக்கு மட்டும் எண்டு நினைக்க வேணாம். எங்கட மாமி குசினிக் கலண்டரில கேஸ் சிலிண்டர் மாத்தின நாளுக்கு ஒரு வட்டம் போடுவா. முன்னூற்றி அறுபத்தஞ்சு நாளும் அடுப்புக்கு முன்னுக்கு நிக்கிற ஆள், ஒரு சிலிண்டர் எத்தின நாளைக்குக் காணும், சடங்கு மாசம் எத்தின நாளைக்குக் காணும் எண்டு பாத்துத்தான் சீட்டுக் காசுக்கு ஒதுக்குவா. வெளிநாட்டுக்குப் போற தம்பிமார், லீசிங்கில ஓட்டோ எடுக்கிறவங்க, ஊர்க் கடன் எடுக்கிற அக்காமார், எல்லாருக்கும் நான் இதத்தான் சொல்லுவன், மாசம் இவ்வளவு கட்டலாம் எண்டு மனக்கணக்குப் போட முன்னுக்கு, கடந்த மூண்டு மாசம் கையில உண்மையா எவ்வளவு மிஞ்சினது எண்டு எழுதிப் பாருங்க. மிஞ்சாத மாசம் ஒண்டு அதில இருந்தா அந்த மாசம் அடுத்த வருஷமும் வரும்.

ஒரு விஷயத்தில கவனமா இருக்கணும். திரும்பிப் பாக்கிறன் எண்டு சொல்லிக்கொண்டு தன்னைத் தானே திட்டிக்கொண்டிருக்கிற புள்ளையள நான் நிறையக் கண்டிருக்கன். நான் ஏன் இப்பிடி, எனக்கு ஏன் மண்டையில ஏறுதில்ல, மற்றவளுக்கு மட்டும் எப்பிடி எண்டு ராவு முழுக்க மனசுக்குள்ள அரைச்சுக்கொண்டிருப்பாங்க. அது திரும்பிப் பாக்கிறது இல்ல, அதால ஒரு திட்டமும் வராது, நித்திரைதான் போகும். வித்தியாசம் கண்டுபிடிக்கிறது லேசு. எழுதி முடிச்சாப் பிறகு, நாளைக்குச் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை அதில இருக்கா? இருந்தா அது திரும்பிப் பாக்கிறது. இல்ல எண்டா கொப்பிய மூடிட்டு அம்மாட்டயோ கூட்டாளியிட்டயோ போய்க் கதைங்க. அம்மா அப்பாமாரும் தயவுசெய்து பக்கத்து வீட்டுப் புள்ளையக் காட்டாதீங்க, அந்தப் புள்ளைட குளம் வேற, உங்கட புள்ளைட குளம் வேற.

இப்ப எப்பிடித் தொடங்குறது? போன வருஷம் படுவான்கரையில இருந்து, அதாவது வாவிக்கு மேற்குப் பக்கம், மண்டூரில இருந்து ஒரு புள்ள கிளாஸுக்கு வந்தா. ஒவ்வொரு நாளும் குருமண்வெளிக்குப் பாதையில ஏறித்தான் கிழக்குப் பக்கம் எழுவான்கரைக்கு வரணும், தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன், பாதை எண்டு நாங்க சொல்லுறது ஆக்களையும் மோட்டச்சைக்கிளையும் ஏத்திக்கொண்டு வாவியக் கடக்கிற மிதவை. அவட டைம் டேபிளில ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம் சுயபடிப்பு. நான் சொன்னன், புள்ள அத ஒரு கிழமைக்குக் கழட்டி வை, ஒரு திட்டமும் வேணாம், என்ன நடக்குதோ அத மட்டும் எழுதிக்கொண்டு வா எண்டு. ஏழு நாள் கழிச்சுக் கொப்பியக் கொண்டு வந்து, "சேர், கூட்டிப் பாத்தா ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலம் நாப்பது நிமிஷம்தான் வருது" எண்டு கண் கலங்கிச் சொன்னா. நான் சொன்னன் அழாத, உன்ட குளத்தில எவ்வளவு தண்ணி எண்டு இண்டைக்குத்தான் தெரிஞ்சிருக்கு, இனித்தான் விதைக்கலாம் எண்டு. பாதைக்குக் காத்து நிக்கிறதும் கடக்கிறதுமா நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல போயிருந்திச்சு, ராவு ஒம்பது மணிக்குப் பிறகு எழுதின கணக்கு எல்லாம் பிழை, ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம் மட்டும் நல்லாப் போயிருந்திச்சு. இத வச்சுத்தான் புதுசாப் போட்டம். மூண்டு மணித்தியாலத்துக்கு மேல எழுதல்ல. காத்து நிக்கிற நேரம் பிழைக் கொப்பிய வாசிக்கிறதுக்கு, ஒம்பது மணிக்குப் பிறகு லேசான வேலை மட்டும், கஷ்டமான யூனிட் ஞாயிறு விடிய.

அதோட, படிப்பன் எண்டு மட்டும் எழுத வேணாம், எதுக்குப் பிறகு எந்த இடத்தில எண்டு எழுது எண்டு சொன்னன். பாதையால இறங்கி வீட்ட போய்க் கால் கழுவினவுடன, சாப்பிட முன்னுக்கு, விறாந்தை மேசையில அஞ்சு எம்.சி.கியூ, அப்பிடி. பீட்டர் கோல்விட்சர் எண்ட உளவியலாளர் இந்த மாதிரி, இது நடந்தா இத செய்வன் எண்டு எழுதி வச்சா வேலை நடக்கிற வாய்ப்புக் கூடும் எண்டு 1990கள்ல இருந்து காட்டிக்கொண்டு வாறார். ஏன் எண்டா அந்த நேரம் புதுசா யோசிச்சு முடிவெடுக்கத் தேவையில்ல, கால் கழுவுறதே ஞாபகப்படுத்திரும்.

கடைசியா ஒண்டு செய்தம், எனக்கு ஆகப் பிடிச்சது இதுதான். திட்டம் எல்லாம் போட்டு முடிஞ்சாப் பிறகு, சரி இப்ப சோதினை முடிஞ்சிற்று, இந்தத் திட்டம் படுதோல்வி, என்ன நடந்திருக்கும் எண்டு நினைச்சு எழுது எண்டன். கேரி கிளைன் எண்ட அமெரிக்க உளவியலாளர் 2007ல கம்பனிக்காரருக்காக எழுதின முறை, எங்கட ஊருக்கு இத விடப் பொருத்தமா ஒண்டு இல்ல எண்டு நான் சொல்லுவன், ஏன் எண்டா அந்த நேரம் இஞ்ச ஏ.எல் வந்தது சரியா மாரி மழையோட. 2024 நவம்பர் கடைசியில வெள்ளத்தால சோதினையையே இடையில நிப்பாட்டி டிசம்பர் 4ல தானே திரும்பத் தொடங்கினாங்க. புள்ள பத்து நிமிஷத்தில அரைப் பக்கம் எழுதினா. ஆவணியில மண்டூர்த் திருவிழா, வீடு முழுக்கச் சொந்தக்காரர், படிக்க ஏலாது. கரண்ட் போகும். காத்தும் வெள்ளமும் எண்டா பாதை ஓடாது.

அடுத்த கிழமை புதுப் பேப்பர் ஒண்டு கொண்டு வந்தா, ஒரு கலர் பேனைதான். திருவிழா நாள் எல்லாம் வெறுமையா விட்டிருந்தா. நவம்பர் மாசத்துப் பெட்டிக்குக் கீழ பென்சிலால எழுதியிருந்தா: சோதினை முடியும் வரைக்கும் களுவாஞ்சிகுடி பெரியம்மா வீட்ட, கேட்டாச்சு, ஓம் எண்டுட்டா.